சட்டைப் பையில் ஆண்டவர்

சட்டைப் பையில்தான் போட்டார். நான் கண்ணால் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம், எல்லாரையும் போல நானும் அந்த நேரம் முக்காட்டை இழுத்துவிட்டுக் கண்ணை மூடி முழங்காலில் இருந்திருக்கலாம், ஆனால் கோயில் பீடத்துணி துவைக்கிற பொம்பளைக்குக் கண் எப்போதும் துணிமேல்தான் போகும், குருத்து ஞாயிறு பூசைக்கு நான் கஞ்சி போட்டு விரித்த துணியில் மெழுகு சொட்டியிருக்கிறதா என்று தலையைத் தூக்கினேன், தூக்கின நேரம் வேட்பாளர் செண்பகவேல் ஆண்டவரின் உடலாக அப்பம் தருவார்களே, அந்த நன்மை வாங்குகிற வரிசையில் ஃபாதருக்கு நேராக நின்றார். ஊர்க் கமிட்டிக்காரர்கள் அவரை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். எல்லாரும் எழும்பிப் போகவும் அவரும் எழும்பிப் போனார், நம்ம முறை தெரியாத மனுசன், எல்லாரும் கையை ஏந்தவும் அவரும் ஏந்தினார். கொரோனா வந்த பிறகு நாக்கில் கொடுப்பதை விட்டுக் கையில்தானே கொடுக்கிறார்கள், இடது கை மேலே, வலது கை கீழே. ஃபாதர் கொஞ்சம் தயங்கினார், பின்னால் கூட்டம் நெருக்கியது, "கிறிஸ்துவின் திருவுடல்" என்று சொல்லி வைத்துவிட்டார். ஆமென் சொல்லத் தெரியாமல் அவர் கும்பிட்டார். கும்பிட்டபடியே ஓரமாக நகர்ந்து, அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்து, வெள்ளைச் சட்டையின் பையை இரண்டு விரலால் விரித்து உள்ளே விட்டார். பஸ் டிக்கெட்டை விடுவது போல. பிறகு வெளியே போய்த் திறந்த ஜீப்பில் ஏறிக் குருத்தோலையை ஆட்டிக்கொண்டே போனார், மேலே வெயில், சட்டைக்குள் வேர்வை, பைக்குள் ஆண்டவர். நாலு நாள் ஆயிற்று, இன்றைக்குப் பெரிய வியாழன். இன்றைக்கே தேர்தலும் வைத்திருக்கிறார்கள். அவர் என்னைப் பார்த்தாரா? அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தபோது அவர் கண் என்மேல் பட்டுப் போன மாதிரிதான் இருந்தது, ஆனால் ஜனங்கள் எல்லார்மேலும் பட்டுப் போகிற கண் அது, ஓட்டுக் கேட்கிறவர்களுக்கு அப்படி ஒரு கண் இருக்கும்.

ஓட்டு வரிசை நகரவில்லை. நான் ஆறாம் வகுப்பில் நின்றுபோன அதே பள்ளிக்கூடம், அதே தாழ்வாரம், இறால் உரிக்கப் போனால் காசு வரும் என்று அம்மை கூட்டிப்போன அன்றைக்கு எந்தத் தூணைத் திரும்பிப் பார்த்தேனோ அந்தத் தூணில்தான் இப்போது வாக்குச்சாவடி என்று ஒட்டியிருக்கிறார்கள். கருவாட்டு வாடை பள்ளிக்கூடத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது, கடல் பக்கத்துக் காற்று இன்றைக்கு ஒரு மாதிரி நின்றுவிட்டது. முன்னால் நிற்கிற பிலோமி மதினி, என் வீட்டுக்காரருக்கு அக்கா, முந்தானையால் விசிறிக்கொண்டே திரும்பினாள். "ஏட்டி பிரகாசி, என்ன மூஞ்சியை இப்படி வச்சிருக்க. ஓட்டுப் போட வந்தியா, செத்தவங்க பாவம் தீர வேகுத உத்தரிக்கிற தலத்துக்கு வந்தியா?" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "வெயிலு மதினி" என்றேன். "வெயிலா. போன வருசம் ரோட்டுல உக்காந்தமே அன்னைக்கு அடிச்சதுதாம்ட்டி வெயிலு" என்றாள். அது உண்மை. சரக்குத் துறைமுகம் வேண்டாம் என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்தது, கரையை ஆழமாக வெட்டிக் கல்லைக் கொட்டினால் மடிவலை இழுக்க இடம் இருக்காது, பிலோமி மதினி ஜெபமாலை சொல்ல நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம், அந்த நேரம் யாரோ துறைமுகக் கம்பெனி கொட்டகைக்குத் தீ வைத்தார்கள், யார் என்று இன்றுவரைக்கும் தெரியாது, என் மகன் சாவியோ பேர் மட்டும் வழக்கில் இருக்கிறது. "நான் பாட்டுத்தாம்மா பாடிட்டு நின்னேன்" என்றான். பாட்டுப் பாடினவனுக்குக் கப்பல் வேலை போயிற்று, வழக்கு இருக்கிறவனுக்குப் பாஸ்போர்ட் கிடையாதாம். கோர்ட்டுக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் அவன் சட்டைப் பைக்குள் காசளவு அந்தோணியார் சுரூபம் ஒன்றை வைத்து, விழாமல் இருக்க நான்தான் நூல் போட்டுத் தைத்துவிடுவேன். போன வாரம் போலீஸ் ஜீப் மறுபடியும் வந்தது. வீட்டு வாசலில் நின்று, இன்ஜினை அணைக்காமல், அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது. வருகிற ஞாயிறு பாஸ்காத் திருநாள், தீர்ப்பு அதற்குப் பிறகு. அவன் தகப்பன் தங்கல் தொழிலுக்கு மங்களூர்ப் பக்கம் போய் வாரக்கணக்காகக் கடலில் கிடக்கிறார், தீர்ப்பு அன்றைக்கு வந்து சேருவாரோ என்னவோ.

செண்பகவேல் ஜெயித்தால் வழக்கையெல்லாம் திரும்ப வாங்குவேன், துறைமுகத்தை வரவிடமாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் போன வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்ததும் ஊர்க் கமிட்டி எல்லாரையும் பெரிய குருசுக்கு முன்னால் நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னது, இந்த ஊர் ஓட்டு ஒன்றுகூடச் சிதறாது என்று. கையைத் தூக்கினேன். குருசைப் பார்த்துத் தூக்கின கை. அதற்கு அடுத்த ஞாயிறுதான் பைக்குள் போட்டதைப் பார்க்கிறேன். வெள்ளிக்கிழமையே பார்த்திருந்தால் தூக்கியிருக்கமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை பார்க்காமலே இருந்திருந்தால் இன்றைக்கு நிம்மதியாகப் போட்டுவிட்டுப் போயிருப்பேன், ஏன் ஆண்டவரே எனக்கு மட்டும் காட்டினீர். அவரை எதிர்த்து நிற்கிறவர் நம்ம வேதக்கார ஆள், ஸ்தனிஸ்லாஸ் மச்சாது, ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிறவர். அவரைப் பற்றி என்ன சொல்ல. ஊரே கையில் வாங்கும்போது அவர் மட்டும் இன்றைக்கும் வெறுந்தரையில் முழங்காலிட்டு, கண்ணை மூடி, நாக்கை நீட்டித்தான் நன்மை வாங்குவார். பார்க்கவே பக்தி வரும். வீட்டுக்கு வந்து நின்று, "தங்கச்சி, வேதக்காரங்க ஓட்டு வேதக்காரனுக்குத்தான் விழணும், நாளைக்கு ஆண்டவர் கேப்பாருல்லா" என்றார். "சாவியோ கேசு அண்ணாச்சி" என்றேன். "கேசு கேசுதாம்மா, சட்டம் பாத்துக்கிடும். துறைமுகம் வந்தா உன் மவனுக்கு உள்ளூர்லயே வேலை, கப்பலு எதுக்கு" என்று சொல்லிவிட்டு, சுவரில் தொங்கிய இருதய ஆண்டவர் படத்தைத் தொட்டு முத்தம் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு வீட்டில் இருந்த பிலோமி மதினி அவர் படி இறங்கும் முன்னே சொன்னாள், "நம்ம ஆளு அறுத்தா கழுத்து வலிக்காதோ?" எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இப்போதும் படுகிறது. ஆனால் முழங்காலிட்டு நாக்கில் வாங்குகிறவர் ஒரு பக்கம், பைக்குள் திணிக்கிறவர் ஒரு பக்கம் என்று நிறுத்தினால், ஆண்டவர் எந்தப் பக்கம் நிற்பார். பைக்குள்தான் நிற்பார், வேறு எங்கே போவார், அவரைத்தான் உள்ளே போட்டாயிற்றே. ஒரு வார்த்தை. இந்த வரிசையில் நான் ஒரு வார்த்தை மதினி காதில் சொன்னால் போதும், மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரியும், நன்மையைப் பையில் போட்டவனுக்கு இந்த ஊரில் ஒருத்தர்கூட ஓட்டுப் போடமாட்டார், எல்லாம் அந்தப் பக்கம் சாயும், கல் வந்து கடலில் விழும், ஜீப் வந்து வாசலில் நிற்கும். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்குவார்கள். அதனால் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன். நேற்று ஃபாதரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் நின்றும் சொல்லாமல் திரும்பினேன். என்ன என்று சொல்வது, பாவம் அவருடையதா, கொடுத்த ஃபாதருடையதா, பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற என்னுடையதா. சும்மா இருப்பது சாவான பாவமா அற்பப் பாவமா என்று ஞானோபதேச வகுப்பில் சொல்லித்தந்திருப்பார்கள், அந்தப் பாடம் வருவதற்கு முன் நான் இறால் உரிக்கப் போய்விட்டேன்.

முதல்முதலாக நன்மை வாங்க, புது நன்மைக்குப் படிக்கிற காலத்தில் மடத்துச் சிஸ்டர் ஒரு கதை சொன்னார்கள், எந்த ஊரிலோ ஒருத்தி நன்மையை விழுங்காமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனாளாம், வீடு போவதற்குள் முடிச்சிலிருந்து ரத்தம் சொட்டினதாம். அன்றைக்கு ராத்திரி நான் பாயை நனைத்தேன். இந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டவர் யாரைப் பார்த்தாலும் பையைத்தான் பார்க்கிறேன், பஸ் கண்டக்டர் பையை, மருந்துக்கடைக்காரர் பையை. துவைக்கப் போட்டிருப்பார்களா? செண்பகவேல் வீட்டில் மிஷின் இருக்கும், மிஷினில் சுற்றியிருக்கும், சோப்பு நுரையோடு சாக்கடைக்குப் போயிருக்கும். பீடத்துணியை அலசின முதல் தண்ணீரைக்கூட நாங்கள் சாக்கடையில் விடமாட்டோம், துகள் ஏதாவது இருந்துவிடும் என்று கோயில் பின்னால் செம்பருத்தி வேரில் ஊற்றுவோம். இருதயம் படபடவென்று அடிக்கும்போது இசக்கியம்மாவை நினைத்துக்கொள்கிறேன். மீன்கூடைக்காரி இசக்கியம்மா, திருச்செந்தூர் போய்வந்தால் பன்னீர் இலையில் மடித்த விபூதியை மடியில் முடிந்து கொண்டுவருவாள். அங்கேயே பூசிக்கொண்டு வருவதுதானே என்று கேட்டேன். "சாமி குடுத்ததை நடு ரோட்டுலயா பூசித் தீப்பாவ? வீட்டுக்குக் கொண்டுபோய் விளக்கு முன்னால வச்சு எல்லாருக்கும் குடுக்கணும்லா" என்றாள். அவளுக்கு அதுதான் மரியாதை. எங்களுக்கு உடனே விழுங்குவது மரியாதை, அவர்களுக்குப் பத்திரமாக வைப்பது மரியாதை. அப்படியானால் செண்பகவேலும் அப்படித்தான், அவமதிக்கவில்லை, பெண்டாட்டிக்கும் தாயாருக்கும் கொண்டுபோயிருப்பார், ஆளுக்கொரு துணுக்குத் தின்றிருப்பார்கள், ஆண்டவர் கோபப்படமாட்டார், தெரியாமல் செய்தது. இப்படி நினைக்கும்போது மூச்சு கொஞ்சம் இறங்கும். இறங்கின உடனே அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தாரே அந்தப் பார்வை வந்து நிற்கும். மரியாதையாக வைக்கிறவன் எதற்குத் திருடன் மாதிரிப் பார்க்கவேண்டும். இல்லை, கூச்சமாக இருந்திருக்கும். இல்லை. மூச்சு மறுபடியும் மேலே ஏறிக்கொள்ளும்.

வாசலில் சலசலப்பு. "வாராருட்டி" என்றாள் மதினி. செண்பகவேல் சாவடியைப் பார்க்க வந்தார், கட்சித் துண்டு இல்லை, அதே மாதிரி வெள்ளைச் சட்டை, கும்பிட்ட கையோடு வரிசையை ஒட்டி நடந்தார். போலீஸ்காரர், "சார், ஓட்டுக் கேக்கக் கூடாது" என்றார். "எங்க கேக்கேன், கும்பிடத்தான செய்யுதேன்" என்று செண்பகவேல் சிரித்தார். பையைப் பார்த்தேன். துணிக்கு உள்ளே சிவப்பாக ஒன்று தெரிந்தது. தூணைப் பிடித்தேன். பேனா. சிவப்பு மூடி போட்ட பேனா. பேனாவுக்குப் பக்கத்தில் சின்னதாக, சதுரமாக, ஒரு மடிப்பு. நான் பார்ப்பதை அவர் பார்த்தார். எனக்கு நேராக வந்ததும் நின்றார். "அம்மா அன்னைக்குக் கோயில்ல முன்னால இருந்தீங்கள்ல" என்றார். பார்த்திருக்கிறார். எல்லாம் பார்த்திருக்கிறார். என் வாய் நான் சொல்லாமலே திறந்தது. மெதுவாக, மதினிக்குக் கேட்காமல், "ஃபாதர் கையில தந்தாவளே. அதை என்ன செஞ்சிய?" என்றேன். அவர் முகம் மலர்ந்தது, யாரும் கேட்கவில்லையே என்று காத்திருந்தவர் மாதிரி. பையைத் தொட்டார். "இந்தா இருக்கும்மா. தாள்ல மடிச்சு வச்சிருக்கேன். சட்டை மாறும், இது மாறாது. அன்னையிலருந்து போற எடமெல்லாம் நல்ல சகுனம். எண்ணுத அன்னைக்கு வரைக்கும் நெஞ்சை விட்டு எறக்க மாட்டேன்." நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். "எண்ணுன பொறவு?" அவர் யோசிக்கவே இல்லை. "பொறவு என்ன, காரியம் முடிஞ்சா கரைக்க வேண்டியதுதான். உங்க கடல்லயே கொண்டுவந்து கரைச்சிருவேம்மா." கும்பிட்டுவிட்டு அடுத்த ஆளுக்குப் போனார். "என்னட்டி கேட்ட?" என்றாள் மதினி. "சாவியோ கேசைத்தான் கேட்டேன்." "என்ன சொன்னாரு?" "நெஞ்சுல வச்சிருக்காராம்" என்றேன்.

இசக்கியம்மா சொன்னதுதான் சரி. பத்திரமாகத்தான் வைத்திருக்கிறார். நான் வேண்டிக்கொண்ட பதில் கிடைத்துவிட்டது, ஆனால் ஐஸ் தண்ணீருக்குள் கைவிட்ட மாதிரி முழங்கை வரைக்கும் மரத்துப்போகிறது. காரியம் முடிகிற வரைக்கும். முடிந்தால் கடலில். கீழே விழுந்து அழுக்கான நன்மையை ஃபாதரும் தண்ணீரில்தானே கரைப்பார், கரைப்பது குற்றமில்லை, குற்றம் எதில் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, படித்திருந்தால் தெரிந்திருக்கும். என் மகனும் அந்தப் பையில்தான் இருக்கிறான். துறைமுகமும் வழக்கும் குருசுக்கு முன்னால் தூக்கின கைகளும் எல்லாம் அந்தத் தாள் மடிப்புக்குள்தான், எண்ணுகிற நாள் வரைக்கும் நெஞ்சில் கிடக்கும், அதற்குப் பிறகு உங்கள் கடலிலேயே. நான் மட்டும் என்ன செய்தேன், சாவியோ பைக்குள் அந்தோணியாரை நூல் போட்டுத் தைக்கிறேனே, ஜாமீன் கிடைத்த அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் சட்டையைத் துவைக்க வேண்டும் என்று நூலை அறுத்து எடுத்துப் பெட்டிக்குள் எறிந்தவள்தானே. "அடுத்து" என்றார்கள். இடது கையை நீட்டச் சொன்னார்கள். சுட்டுவிரல் நகத்தின் மேல் மையை இழுத்தாள் அந்தப் பெண், குளிர்ச்சியாக இருந்தது. அட்டை மறைப்புக்குள் குனிந்தேன். பட்டன்கள். மச்சாது பேர் மேலே, செண்பகவேல் பேர் கீழே. மச்சாது பேருக்கு நேராக விரல் நின்றது, முழங்காலிட்டு நாக்கை நீட்டுகிற முகம் வந்தது, கேசு கேசுதாம்மா என்கிற குரல் வந்தது, விரல் இறங்கியது. அமுக்கினேன். நீளமாக ஒரு சத்தம். பக்கத்துப் பெட்டியின் கண்ணாடிக்குள் விளக்கு எரிந்து, வெள்ளைச் சீட்டு ஒன்று வந்து நின்றது. செண்பகவேல் சின்னம். ஆராதனையில் நன்மையை ஊர் பார்க்க வைக்கிற கதிர்ப்பாத்திரத்துக் கண்ணாடிக்குள் ஆண்டவர் வெள்ளையாக நிற்பாரே, அதே வெளிச்சம், அதே நிற்பு. கும்பிடக் கை எழும்பியது. கும்பிடுவதற்குள் சீட்டு அறுந்து உள்ளே விழுந்துவிட்டது.

வெளியே வந்தபோது பள்ளிக்கூட வாசலில் கூட்டம். மச்சாதுவும் சாவடி பார்க்க வந்திருந்தார், வந்த இடத்தில் செண்பகவேலும் நின்றார், பத்திரிகைக்காரர் யாரோ, "அண்ணாச்சி ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு படம்" என்றார். நாங்களெல்லாம் ஒருத்தரையொருத்தர் அறுத்துவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த ரெண்டு பேரும் சிரித்தார்கள். "என்ன வேலு, எப்படி இருக்க. ராத்திரி போன் அடிச்சேன், எடுக்கலியே" என்றார் மச்சாது. ராத்திரி போன். "அலைச்சல் அண்ணாச்சி. எண்ணி முடியட்டும், உக்காந்து பேசுவோம்" என்றார் செண்பகவேல். எதைப் பற்றிப் பேசுவார்கள், உட்கார்ந்து. மச்சாது இரண்டு கையையும் விரித்தார், ஐஸ் கட்டி தூக்கிப் பழகின கை, இழுத்து அணைத்துக்கொண்டார், படம் எடுக்கிறவர் "இன்னும் கொஞ்சம் நெருங்கி" என்றார், நெருங்கினார்கள், நெஞ்சும் நெஞ்சும் ஒட்டியது, வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் சட்டையும், நடுவில் அந்தப் பை. ஐயோ மெதுவாக என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சொல்லாத வாய். பூசையில் ஃபாதர் பெரிய அப்பத்தை உயர்த்திப் பிட்கும்போது மைக்கில் சுள்ளி ஒடிகிற மாதிரிச் சின்னதாய்க் கேட்கும். அது கேட்டது. அத்தனை சத்தத்துக்கு நடுவில் எனக்குக் கேட்டது. அவர்கள் விலகினார்கள், சிரித்தார்கள், செண்பகவேல் சட்டையை நீவிவிட்டார், பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டார். பிலோமி மதினி பின்னாலிருந்து என் தோளைத் தொட்டாள். "ஏட்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கிடக்கு? யாருக்குப் போட்ட?" "கை தூக்கின ஆளுக்குத்தான் மதினி." "அப்ப சரி. சாயந்தரம் பூசைக்கு நேரத்தோட வா, ஆண்டவர் முதல் நன்மை குடுத்த நாளு, எடம் கெடைக்காது." சரி என்றேன். கடல் பக்கம் காற்று இன்னும் எழும்பவில்லை. முந்தானைக்குள் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், எச்சில் தொட்டுத் தேய்த்தேன், மை கருத்து இன்னும் நன்றாகப் பிடித்துக்கொண்டது. இடது கை. சாயந்தரம் வரிசையில் போய் நிற்கும்போது இந்தக் கைதான் மேலே இருக்கும்.